வெளிநாடு டூர் போறவங்களுக்கு: டிக்கெட் போடுறதுல இருந்து போட்டோவை பத்திரமா சேர்த்து வைக்கிற வரைக்கும் முழு வழிகாட்டி

வேலூர்ல ஒரு சின்ன போட்டோ கடை நடத்துறேன். விசாக்கு போட்டோ எடுக்க போறதுக்கு முன்னாடி ஒரு தடவ வருவாங்க, பிரிண்ட் போட திரும்பி வந்த அப்புறம் ஒரு தடவ வருவாங்க, நடுவுல என்ன பண்ணாங்கன்றது அந்த ரெண்டாவது தடவ மூஞ்சியை பார்த்தாலே தெரிஞ்சிடும். தப்பு எல்லாம் ஏர்போர்ட்ல நடக்கிறது இல்ல, கிளம்புறதுக்கு ரெண்டு வாரம் முன்னாடி செய்ய வேண்டியதை செய்யாம விட்டதுல தான் நடக்குது. அதனால இந்த வரிசையை மாத்தாதீங்க, ஒண்ணு முடிஞ்சா தான் அடுத்தது.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து, துபாய், நம்ம பக்கம் ஜனங்க அதிகமா போற இடம் இதுங்க தான், உதாரணம் எல்லாம் அங்க இருந்து தான் சொல்லப் போறேன்.

1. பாஸ்போர்ட், பேரு, தேதி

முதல்ல பாஸ்போர்ட்டை எடுத்து முடியுற தேதியை பாருங்க. நீங்க போற நாட்டுல இறங்குற நாள்ல இருந்து குறைஞ்சது 6 மாசம் பாக்கி இருக்கணும், நிறைய நாடு இதை கண்டிப்பா கேக்கும், இல்லைன்னா சென்னையிலயே ஏர்லைன்ஸ் கவுண்டர்ல நிறுத்திடுவாங்க. புதுப்பிக்கணும்னா அதுக்குன்னு சென்னை ஓட வேணாம், வேலூர் போஸ்ட் ஆபீஸ்லயே பாஸ்போர்ட் சேவா கேந்திரா இருக்கு. 36 பக்கம் பாஸ்போர்ட்டுக்கு 1500 ரூபா, தட்கல்னா மேல 2000. ஸ்லாட் கிடைக்கிறது, போலீஸ் வெரிஃபிகேஷன் வர்றது எல்லாம் நம்ம கையில இல்ல, அதனால டிக்கெட் போடுறதுக்கு முன்னாடியே இதை முடிங்க.

அடுத்தது பேரு. நம்ம ஊர்ல இனிஷியல் வச்சே பழகிட்டோம், பாஸ்போர்ட்ல அதே இனிஷியல் அப்பா பேரா முழுசா விரிஞ்சிருக்கும். டிக்கெட் போடுறப்ப ஆதார்ல இருக்கிற மாதிரி இனிஷியலோட போட்டுட்டு அப்புறம் ஏர்லைன்ஸ்க்கு போன் மேல போன் போடுவாங்க. பாஸ்போர்ட்ல எந்த கட்டத்துல எந்த பேரு இருக்கோ அதை எழுத்துக்கு எழுத்து பார்த்து அடிங்க. சர்நேம் கட்டம் காலியா ஒரே பேரா இருக்கிறவங்க துபாய் போறதா இருந்தா விசாக்கு முன்னாடியே ஏஜென்ட் கிட்ட கேட்டுடுங்க, 2022 நவம்பர்ல இதுக்குன்னே ஒரு ரூல் கொண்டு வந்தாங்க, அப்புறம் கொஞ்சம் தளர்த்தினாங்க, ஆனா கேள்வி இன்னும் வருது.

2. விசா போட்டோ, அரைவல் கார்டு

விசா போட்டோக்கு வரும்போது வெள்ளை சட்டை, வெளிர் கலர் புடவை வேணாம். பேக்ரவுண்டு வெள்ளை, சட்டையும் வெள்ளை, கழுத்துக்கு கீழ உடம்பே கரைஞ்சு போய் தலை மட்டும் மிதக்குது. சிங்கப்பூருக்கும் ஐரோப்பாவுக்கும் 35க்கு 45 மில்லிமீட்டர், அமெரிக்காவுக்கு 2க்கு 2 இஞ்ச். போன வருஷம் பேங்க்குக்கு எடுத்த பாஸ்போர்ட் சைஸ் போட்டோ வேலைக்கு ஆகாது, சிங்கப்பூருக்கு 3 மாசத்துக்குள்ள எடுத்தது வேணும். பிரிண்டோட சேர்த்து சாஃப்ட் காப்பியையும் கேட்டு வாங்கிக்கோங்க, ஆன்லைன்ல அப்லோடு பண்றதுக்கு அது தான் வேணும், பிரிண்டை திரும்ப போன்ல படம் புடிச்சு ஏத்துனா ரிஜெக்ட் தான்.

சிங்கப்பூர், மலேசியா, தாய்லாந்து மூணுத்துக்கும் இப்ப ஆன்லைன் அரைவல் கார்டு (நாட்டுக்குள்ள வர்றவங்க நிரப்புற ஃபாரம்) இருக்கு, தாய்லாந்துல 2025 மே 1ல இருந்து வந்துச்சு. இறங்குறதுக்கு முன்னாடி 3 நாளுக்குள்ள தான் போட முடியும், அதுக்கு முன்னாடி உக்காந்து முயற்சி பண்ணி பிரயோஜனம் இல்ல. மூணுமே ஃப்ரீ. தேடுனா மேல வர்ற விளம்பர சைட்டுங்க காசு கேக்கும், கட்டுனா காசு போனது தான், அந்தந்த நாட்டு அரசாங்க சைட்ல மட்டும் போடுங்க. விசா வேணுமா வேணாமான்றது அடிக்கடி மாறிகினு இருக்கு, போன வருஷம் போயிட்டு வந்த சித்தப்பா சொல்றதை நம்பாதீங்க, அதையும் அரசாங்க சைட்லயே பாருங்க.

3. காகிதத்தை எல்லாம் ஒரு தடவ படம் புடிச்சு வைங்க

பாஸ்போர்ட் முதல் பக்கம், கடைசி பக்கம், விசா, டிக்கெட், ஹோட்டல் புக்கிங், இன்சூரன்ஸ், டாக்டர் சீட்டு. மாத்திரை சாப்பிடுறவங்க டாக்டர் சீட்டை கட்டாயம் எடுத்துக்கணும், மாத்திரையை அட்டையோட வைக்கணும், பிரிச்சு டப்பால போட்டா அது என்ன மாத்திரைன்னு யாருக்கும் தெரியாது. பகல் வெளிச்சத்துல, டேபிள் மேல வச்சு, நேரா மேல இருந்து புடிங்க, ஃபிளாஷ் போட்டா லேமினேஷன் மேல வெள்ளையா அடிச்சு நம்பர் மறைஞ்சிடும்.

இதை மூணு இடத்துல வைக்கணும். உங்க போன்ல நெட் இல்லாம திறக்குற மாதிரி ஒண்ணு, கூட வர்றவர் போன்ல ஒண்ணு, வீட்டுல இருக்கிற ஒருத்தர் கிட்ட ஒண்ணு. பாஸ்போர்ட் தொலைஞ்சா எம்பசியில முதல்ல கேக்குறது அந்த நம்பர் தான், போன்ல மட்டும் வச்சிருந்தா பையோட போனும் சேர்ந்து போயிருக்கும். ஒரு ஜெராக்ஸும் பெட்டிக்குள்ள போடுங்க. டூர் வாட்ஸ்அப் குரூப்ல மட்டும் போடாதீங்க, அந்த குரூப்ல யார் யாரு இருக்காங்கன்னு உங்களுக்கே முழுசா தெரியாது.

4. காசும் சிம்மும்

இதை சீக்கிரமா சொல்லிடுறேன். 2020ல இருந்து புதுசா தர்ற பேங்க் கார்டுல வெளிநாட்டு பயன்பாடு ஆஃப்ல தான் வரும், ரிசர்வ் பேங்க் ரூல், பேங்க் ஆப்ல போய் ஆன் பண்ணி லிமிட்டும் வச்சுட்டு போங்க. ஓடிபி எல்லாம் இந்திய நம்பருக்கு தான் வரும், அதனால ரோமிங் இங்க இருக்கும்போதே ஆக்டிவேட் பண்ணணும், அங்க போய் பண்ணா அதுக்கும் ஓடிபி கேக்கும், நெட்டுக்கு அங்க போய் லோக்கல் சிம்மோ ஈசிம்மோ போட்டாலும் நம்ம சிம்மை கழட்டி பர்ஸ்ல வச்சுடாதீங்க.

மொபைல் டேட்டால போட்டோ பேக்கப் ஆகுற செட்டிங்கை ஆஃப் பண்ணிடுங்க. கூகுள் போட்டோஸ் தானா ஏத்த ஆரம்பிச்சா ரோமிங் பேக் மதியத்துக்குள்ள காலி.

5. கிளம்புறதுக்கு ஒரு வாரம் முன்னாடி: போனை காலி பண்ணுங்க

எல்லாரும் தாண்டிப் போற ஸ்டெப் இது தான், மொத்த விஷயமும் இதுல தான் நிக்குது. போன்ல இடம் இல்லாம போனவங்க என்ன பண்றாங்க தெரியுமா, அங்க சுத்திகினு இருக்கும்போது, ஸ்டோரேஜ் ஃபுல்னு வந்த உடனே, வெயில்ல ஸ்க்ரீன் சரியா கூட தெரியாம, பழைய போட்டோவை கொத்து கொத்தா டெலீட் பண்றாங்க. பையன் பொறந்தப்ப எடுத்தது, தாத்தா கடைசியா இருந்தப்ப எடுத்தது எல்லாம் அப்படி தான் போகுது. டூர் போட்டோ தப்பிச்சிடும், அது போயிடும்.

எவ்வளவு இடம் வேணும்னு கணக்கு போடுங்க. போட்டோ பெருசா இடம் புடிக்காது, வீடியோ தான். ஐபோன் கேமரா செட்டிங்ஸ்லயே போட்டிருக்கும், ஒரு நிமிஷத்துக்கு 1080பி 30ல 60 எம்பி, 4கே 30ல 170 எம்பி, 4கே 60ல 400 எம்பி (1080பி, 4கேன்றது படத்தோட தெளிவு, பின்னாடி வர்ற 30, 60 செகண்டுக்கு எத்தனை ஃபிரேம்ன்றது). ஒரு நாளைக்கு 20 நிமிஷம் வீடியோ எடுக்குற ஆளுன்னா 4கே 60ல 8 ஜிபி, 1080பில 1.2 ஜிபி தான். டிவியில போட்டு பார்க்க 1080பி தாராளம், பாதி பேருக்கு 4கே எதுக்குன்னே தெரியாது, போன் வாங்குன அன்னைக்கு கடைக்காரர் மாத்தி வச்சது அப்படியே ஓடிகினு இருக்கும். மாத்திடுங்க.

காலி பண்ற வரிசை இது: முதல்ல போன்ல இருக்கிறதை கேபிள் போட்டு கம்ப்யூட்டருக்கோ, டைப் சி பென்டிரைவுக்கோ, எஸ்எஸ்டிக்கோ (கையடக்க ஹார்ட் டிஸ்க் மாதிரி) காப்பி பண்ணுங்க. காப்பி ஆனதை திறந்து பாருங்க. அதுக்கப்புறம் தான் போன்ல இருந்து எடுக்கணும். கட் பண்ணி பேஸ்ட் பண்ணாதீங்க, நடுவுல கேபிள் ஆடுச்சுன்னா இங்கயும் இருக்காது அங்கயும் இருக்காது.

இங்க பெரிய பள்ளம் ஒண்ணு இருக்கு. 'கூகுள் போட்டோஸ்ல தான் ஏறிடுச்சே'ன்னு அதே கூகுள் போட்டோஸ் ஆப்ல செலக்ட் பண்ணி டெலீட் பண்ணா மேல க்ளவுட்ல (கூகுள் கிட்ட நெட்ல) இருக்கிறதும் சேர்ந்து போகும். போன்ல மட்டும் எடுக்கணும்னா அந்த ஆப்லயே 'ஃப்ரீ அப் ஸ்பேஸ்'னு தனியா ஒரு பட்டன் இருக்கு, அது பேக்கப் ஆனதை மட்டும் போன்ல இருந்து தூக்கும். ஐபோனோட ஐக்ளவுடும் அதே கதை தான், போன்ல டெலீட் பண்ணா எல்லா இடத்துலயும் போகும். தெரியாம பண்ணிட்டீங்கன்னா உடனே 'பின்'ல, அதாவது ஆப்ல இருக்கிற குப்பைத்தொட்டில பாருங்க, பேக்கப் ஆனது கூகுள் பின்ல 60 நாள் இருக்கும், ஆகாதது 30 நாள், ஐபோன்ல ரீசன்ட்லி டெலீட்டடும் 30 நாள் தான்.

கூகுள்ல ஃப்ரீயா தர்றது 15 ஜிபி, அது ஜிமெயில், டிரைவ், போட்டோஸ் மூணுத்துக்கும் சேர்த்து, 2021 ஜூன்ல இருந்து தரத்தை குறைச்சு ஏத்துற போட்டோவும் அந்த கணக்குல தான் சேருது. ஐக்ளவுட் 5 ஜிபி தான். ஃபுல் ஆயிடுச்சுன்னா பேக்கப் சத்தம் போடாம நின்னு போயிடும், நீங்க ஏறிகினு இருக்குன்னு நினைச்சுகினு இருப்பீங்க. கிளம்புறதுக்கு முன்னாடி எவ்வளவு பாக்கி இருக்குன்னு பாருங்க, பத்தலைன்னா ஒரு மாசத்துக்கு மட்டும் காசு கட்டி ஏத்திக்கிறது தப்பில்ல, ஆனா அந்த மாசம் முடியுறதுக்குள்ள கீழ இறக்கிடணும்.

6. கேமரா எடுத்துகினு போறவங்களுக்கு

மெமரி கார்டை ஆஃபர்ல வாங்கி நேரா ஏர்போர்ட் போகாதீங்க. மேல 128 ஜிபின்னு போட்டு உள்ள 16 ஜிபி கூட இல்லாத டூப்ளிகேட் கார்டு நிறைய சுத்துது, கம்ப்யூட்டர்ல போட்டாலும் 128ன்னு தான் காட்டும், நிஜ அளவு தாண்டுன அப்புறம் எடுக்குறது எல்லாம் குப்பையா சேவ் ஆகும். எச்2டெஸ்ட்டபிள்யூன்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர், கார்டு முழுக்க எழுதி திரும்ப படிச்சு பார்க்கும், ராத்திரி போட்டு விட்டா காலையில தெரிஞ்சிடும். பெரிய கார்டு ஒண்ணுக்கு பதிலா சின்ன கார்டு ரெண்டு நல்லது, ஒண்ணு போனாலும் பாதி டூர் கையில இருக்கும்.

கார்டை கேமராவுலயே வச்சு ஃபார்மட் பண்ணுங்க, கம்ப்யூட்டர்ல இல்ல, கேமராவுக்கு வேணுங்குற ஃபோல்டரை அது தானே போட்டுக்கும். விலை ஜாஸ்தி கேமரா, லென்ஸ்னா கிளம்புற அன்னைக்கு ஏர்போர்ட் கஸ்டம்ஸ்ல சீரியல் நம்பரோட எக்ஸ்போர்ட் சர்டிபிகேட் வாங்கிக்கலாம், திரும்பி வர்றப்ப அங்க வாங்குனதான்னு கேட்டா காட்டுறதுக்கு. பில் இருந்தா அதையும் படம் புடிச்சு வைங்க.

இப்ப டைம். போன் இறங்குன உடனே தானா அந்த ஊர் டைமுக்கு மாறிடும், கேமரா மாறாது. சிங்கப்பூர் நம்மள விட ரெண்டரை மணி நேரம் முன்னாடி. கார்டன்ஸ் பை தி பேல ராத்திரி 7.45க்கு லைட் ஷோ, கேமராவுல எடுத்த போட்டோவுல 5.15ன்னு பதிஞ்சிருக்கும், அன்னைக்கு சாயந்தரம் ஆறு மணிக்கு மெர்லயன் சிலை முன்னாடி போன்ல எடுத்தது 6.00ன்னு இருக்கும். ரெண்டையும் ஒண்ணா கொட்டுனா இருட்டுல லைட் ஷோ முதல்ல, வெளிச்சத்துல மெர்லயன் அப்புறம். ஆல்பம் பூரா இப்படி பின்னிக்கும். பிளேன்லயே உக்காந்து கேமரா டைமை மாத்திடுங்க, மறந்தா பரவால்ல, ஆனா நடுவுல பாதி டூர்ல மாத்தாதீங்க, முழுக்க ஒரே தப்பா இருந்தா பின்னாடி ஒரே தட்டுல சரி பண்ணிடலாம், பாதி சரி பாதி தப்புன்னா தான் தலைவலி. ஒரு வேலை செய்யுங்க, போன்ல கடிகாரத்தை திறந்து வச்சு அதை கேமராவுல ஒரு படம் எடுத்துடுங்க, எவ்வளவு வித்தியாசம்னு அந்த ஒரு படமே சொல்லிடும்.

7. பெட்டி கட்டும்போது

பவர் பேங்க் கையில வச்சுக்குற பையில மட்டும், செக்-இன் பெட்டில போடவே கூடாது, பெட்டியை திறக்க சொல்லி கூப்பிடுவாங்க. 100 வாட் அவர் (பேட்டரியோட அளவு, மேல Whன்னு அச்சடிச்சிருக்கும்) வரைக்கும் கேள்வி இல்ல, 100ல இருந்து 160 வரைக்கும் ஏர்லைன்ஸ் கிட்ட பர்மிஷன். 20000 எம்ஏஎச் பவர் பேங்க்னா 74 வாட் அவர், தாராளமா போகலாம், ஆனா மேல அச்சடிச்ச எழுத்து அழிஞ்சு போயிருந்தா பிரச்சனை, அந்த நம்பர் படிக்குற மாதிரி இருக்கணும். தாய் ஏர்வேஸ், சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் எல்லாம் 2025ல இருந்து பறக்கும்போது பவர் பேங்க் யூஸ் பண்ணவே விடுறது இல்ல, வீட்டுலயே ஃபுல் சார்ஜ் போட்டுடுங்க.

கேமரா, கார்டு, எஸ்எஸ்டி எதுவும் செக்-இன் பெட்டில வேணாம். சிங்கப்பூர், மலேசியா, துபாய்ல பிளக் பாயிண்ட் மூணு சப்பை பின், நம்ம உருண்டை பின் நேரா போகாது, அடாப்டர் வாங்குங்க, கூடவே நம்ம ஊர் எக்ஸ்டென்ஷன் பாக்ஸ் ஒண்ணு எடுத்துகினா ஒரே அடாப்டர்ல நாலு போன் சார்ஜ் ஆகும்.

சொந்தக்காரங்களுக்கு ஆற்காடு மக்கன் பேடா கொண்டு போறவங்க ஜீராவோட டப்பாவை கையில எடுத்துகினு போகாதீங்க, 100 மில்லிக்கு மேல திரவம்னு செக்யூரிட்டியில எடுத்து வச்சுடுவாங்க. பெட்டில போடுங்க, டப்பா வாயை டேப் சுத்தி, ரெண்டு கவர் போட்டு.

பெட்டியை செக்-இன் பண்றதுக்கு முன்னாடி மூடுன பெட்டியை ஒரு படம், திறந்து உள்ள இருக்கிறதை ஒரு படம். பெட்டி வரலைன்னா கவுண்டர்ல கலர், சைஸ், பிராண்ட் எல்லாம் கேப்பாங்க, பதட்டத்துல 'நீலமா பச்சையா'ன்னு வீட்டுக்காரரும் வீட்டுக்காரம்மாவும் சண்டை போட்டுகினு நிப்பாங்க. சொந்த கார்ல போய் ஏர்போர்ட்ல நிறுத்துறவங்க பார்க்கிங் தூண் நம்பரையும் படம் புடிச்சுக்கோங்க.

வேலூர்ல இருந்து சென்னை ஏர்போர்ட்டுக்கு ரோடு நல்லா இருந்தா ரெண்டரை மூணு மணி நேரம், ஸ்ரீபெரும்புதூர் பக்கம் லாரியில மாட்டுனா அது சொல்ல முடியாது. இன்டர்நேஷனலுக்கு மூணு மணி நேரம் முன்னாடி அங்க இருக்கணும், அதுக்கு மேல ஒரு மணி நேரம் கையிருப்பு வச்சு கிளம்புங்க.

8. அங்க இருக்கும்போது தினமும் ராத்திரி

ரூமுக்கு வந்து சார்ஜ் போடுற அதே நேரத்துல இந்த வேலை. அன்னைக்கு எடுத்ததை டைப் சி பென்டிரைவுக்கோ எஸ்எஸ்டிக்கோ காப்பி பண்ணுங்க, கேமரா கார்டா இருந்தா கார்டு ரீடர் மூலமா. போன்ல இருந்து எதையும் டெலீட் பண்ண வேணாம். போன் ஒருத்தர் பையில, எஸ்எஸ்டி இன்னொருத்தர் பையில. ஒரே பையில ரெண்டும் இருந்தா அது ஒரு காப்பி கணக்கு தான்.

வாங்கும்போது பென்டிரைவ், எஸ்எஸ்டி எக்ஸ்ஃபேட் ஃபார்மட்ல இருக்கான்னு பாருங்க. பழைய ஃபேட்32ல 4 ஜிபிக்கு மேல ஒரே ஃபைலா வீடியோ ஏறாது.

ஹோட்டல் வைஃபையை மட்டும் நம்பாதீங்க. 5 எம்பிபிஎஸ் வேகம்னா 8 ஜிபி ஏற மூணரை மணி நேரம் ஆகும், ஹோட்டல் பூரா அதே நேரத்துல ஏத்திகினு இருக்கும். ஐபோன்ல கூகுள் போட்டோஸ் வச்சிருக்கிறவங்க ஆப்பை திறந்து வச்சா தான் ஒழுங்கா ஏறும், லோ பவர் மோடும் ஆஃப்ல இருக்கணும். ஏறுனது லாபம், ஏறலைன்னா எஸ்எஸ்டி இருக்கு. சீனா போறவங்களுக்கு இந்த பேச்சே இல்ல, கூகுளும் வாட்ஸ்அப்பும் அங்க சாதாரணமா வேலை செய்யாது.

'தினமும் வீட்டு குரூப்ல அனுப்பிடுறேன் அண்ணா, அதுவே பேக்கப் தானே'ன்னு கேக்காத ஆள் இல்ல. இல்ல. வாட்ஸ்அப் படத்தை அமுக்கி சின்னதாக்கி தான் அனுப்பும், எடுத்த நேரம், இடம் எல்லாத்தையும் உருவிடும். குடியாத்தத்துல இருந்து ஒரு அண்ணன், மலேசியா பத்துமலை முருகன் முன்னாடி குடும்பத்தோட நிக்குற படம், 12க்கு 18 சைஸ்ல ஃபிரேம் போடணும்னு வந்தாரு. ஃபைல் பேரை பார்த்தேன், தேதிக்கு அப்புறம் டபிள்யூஏன்னு இருந்துச்சு, வாட்ஸ்அப்ல வந்த படம்னு அப்பவே தெரிஞ்சு போச்சு. நீளம் 1600 பிக்சல். மேக்ஸி சைஸ் (6க்கு 4 இஞ்ச்) போட்டா ஒண்ணும் தெரியாது, 18 இஞ்சுக்கு இழுத்தா இஞ்சுக்கு 90 புள்ளி கூட வராது. ஸ்க்ரீன்ல பெருசு பண்ணி காட்டுனேன், 'இன்னாப்பா இது, மூஞ்சி பூரா கட்டம் கட்டமா கீது'ன்னாரு. ஒரிஜினல் எங்கன்னு கேட்டா, இடம் பத்தலைன்னு அங்கயே டெலீட் பண்ணிட்டாராம். அந்த படத்தை யாரும் ஒண்ணும் பண்ண முடியாது, ஆப்ல போட்டு ஷார்ப் பண்ணா மூஞ்சி வேற யாரோ மாதிரி வரும்.

வாட்ஸ்அப்ல தான் அனுப்பணும்னா டாக்குமெண்டா அனுப்புங்க, ஒரிஜினல் அப்படியே போகும், ஒரு ஃபைல் 2 ஜிபி வரைக்கும் போகும். அதுல எடுத்த இடமும் ஒட்டிகினு போகும்னு ஞாபகம் இருக்கட்டும், தெரியாதவங்களுக்கு அப்படி அனுப்ப வேணாம்.

எடுக்கக்கூடாத இடமும் இருக்கு. இமிக்ரேஷன் ஹால்ல போனை வெளிய எடுக்காதீங்க, செல்ஃபி எடுத்தா கூப்பிட்டு டெலீட் பண்ண வைப்பாங்க. போர்டிங் பாஸ் படத்தை ஸ்டேட்டஸ்ல போடாதீங்க, அந்த பார்கோடுல பிஎன்ஆர், அதாவது உங்க புக்கிங் நம்பர் இருக்கு. வீடு பூட்டியிருக்குன்னு ஊருக்கே சொல்ற மாதிரி நேரலையா போட்டுகினே இருக்கிறதும் எனக்கு சரியா படல, வந்து போட்டா லைக் குறைஞ்சிடாது.

கார்டு எரர்னு வந்துச்சுன்னா, இல்ல தப்பா ஃபார்மட் ஆயிடுச்சுன்னா, அந்த கார்டுல அதுக்கு மேல ஒரு படம் கூட எடுக்காதீங்க. கழட்டி தனியா வைங்க. மேல எழுதாத வரைக்கும் போட்டோரெக் மாதிரி ஃப்ரீ சாஃப்ட்வேர்லயே பெரும்பாலும் மீட்டுடலாம், மேல எழுதிட்டா போச்சு.

9. வீட்டுக்கு வந்த முதல் வாரம்: எல்லாத்தையும் ஒரே இடத்துல கொட்டுங்க

அலுப்பு தீரட்டும்னு தள்ளி வச்சா தீபாவளி வந்துடும். துணி துவைக்க போடுற வாரத்துலயே இதையும் முடிங்க, எந்த நாள் எங்க போனோம்னு அப்ப தான் ஞாபகம் இருக்கும்.

கம்ப்யூட்டர்ல ஒரு ஃபோல்டர், பேரு வருஷத்துல ஆரம்பிக்கணும், '2025-11 சிங்கப்பூர்' மாதிரி. வருஷம் முன்னாடி வந்தா தான் வரிசையா நிக்கும், 'டூர் நியூ', 'டூர் நியூ 2'ன்னு வச்சா ரெண்டு வருஷத்துல நீங்களே குழம்பிடுவீங்க. அதுக்குள்ள ஆளுக்கு ஒரு ஃபோல்டர், அப்பா போன், அம்மா போன், பாப்பா போன், கேமரா. முதல்லயே ஒண்ணா கலக்காதீங்க, டைம் தப்பா இருக்கிற கேமராவை தனியா சரி பண்ணணும், கலந்துட்டா பிரிக்க முடியாது.

ஐபோன்ல இருந்து விண்டோஸ் கம்ப்யூட்டருக்கு காப்பி பண்றவங்களுக்கு படம் எச்இஐசின்னு வரும், சில கம்ப்யூட்டர் திறக்காது. போன் செட்டிங்ஸ்ல கேமரா ஃபார்மட்டை 'மோஸ்ட் கம்பேட்டிபிள்'னு வச்சா அதுக்கப்புறம் எடுக்குறது ஜேபெக்ல வரும். இதை கிளம்புறதுக்கு முன்னாடியே முடிவு பண்ணுங்க, இடம் ஜாஸ்தி புடிக்கும், ஆனா பிரிண்ட் கடையில தொல்லை இல்ல.

காப்பி ஆன அப்புறம் ரெண்டு பக்கமும் எத்தனை ஃபைல், எத்தனை ஜிபின்னு ஒப்பிட்டு பாருங்க. நீளமான வீடியோ ரெண்டு மூணை திறந்து கடைசி வரைக்கும் இழுத்து பாருங்க, பாதி காப்பி ஆனது முதல் நிமிஷம் நல்லா தான் ஓடும்.

10. டைம் சரி பண்ணி, அப்புறம் கழிச்சு, அப்புறம் சேர்த்து

கேமரா டைம் தப்புன்னா டிஜிகேம்னு ஒரு ஃப்ரீ சாஃப்ட்வேர் இருக்கு, மொத்த ஃபோல்டரையும் செலக்ட் பண்ணி ரெண்டரை மணி நேரம் தள்ளுன்னா தள்ளிடும். கூகுள் போட்டோஸ் வெப்சைட்லயும் பல படத்தை ஒண்ணா செலக்ட் பண்ணி நேரத்தை தள்ளலாம். அந்த கடிகார படத்தை பார்த்து சரியா வந்திருக்கான்னு சோதிச்சுட்டு, அதுக்கப்புறம் எல்லா ஃபோல்டரையும் ஒண்ணா சேருங்க.

கழிக்கிறதை ரெண்டு சுத்தா பண்ணுங்க. முதல் சுத்துல யோசிக்கவே கூடாது, கண்ணு மூடுனது, ஆடுனது, தரையை எடுத்தது, ஒரே பூவை பன்னெண்டு தடவ எடுத்தது, இதுங்க மட்டும். ரெண்டாவது சுத்து மறுநாள், நல்லதுக்கு ஸ்டார் போடுங்க. ரெண்டையும் ஒரே மூச்சுல பண்ணா கடைசி நாள் போட்டோ எல்லாம் அலுப்புலயே போயிடும். மனுஷங்க இருக்கிற படத்தை கழிக்க அவசரப்படாதீங்க, கோபுரமும் கட்டடமும் நெட்டுல ஆயிரம் கிடைக்கும், பாட்டி ஏர்போர்ட் டிராலியில சாஞ்சு தூங்குன படம் கிடைக்காது.

கழிச்சு முடிச்சத அப்படியே இன்னொரு ஹார்ட் டிஸ்க்குல காப்பி போட்டு, அதை தங்கச்சி வீட்டுலயோ அண்ணன் வீட்டுலயோ வைங்க. வீட்டுல ஒண்ணு, வெளிய ஒண்ணு, முடிஞ்சா க்ளவுட்ல ஒண்ணு. வெளிய வச்சதை ஆறு மாசத்துக்கு ஒரு தடவ எடுத்து கம்ப்யூட்டர்ல மாட்டி திறக்குதான்னு பாருங்க.

11. பிரிண்ட் போடும்போது

போன் படம் 4க்கு 3, மேக்ஸி சைஸ் 6க்கு 4. அளவு வேற, அதனால மேலயும் கீழயும் கொஞ்சம் வெட்டுப்படும், குரூப் போட்டோவுல உயரமான ஆள் தலை தான் முதல்ல போகும். கடையில கொடுக்கும்போதே 'வெட்டாம வெள்ளை ஓரம் விட்டு போடுங்க'ன்னு சொல்லுங்க, இல்ல நீங்களே 3க்கு 2ல கிராப் பண்ணி கொண்டு வாங்க. மேக்ஸிக்கு 1800க்கு 1200 பிக்சல் இருந்தா அருமையா வரும், 12க்கு 18க்கு நீளத்துல 3600 ஆவது வேணும்.

படத்தை பென்டிரைவ்ல ஒரு தனி ஃபோல்டர்ல காப்பி பண்ணி கொண்டு வாங்க. மொத்த போனையும் கவுண்டர்ல கொடுத்து 'நீங்களே பார்த்து எடுத்துக்கோங்க தம்பி'ன்னா நானும் எதை எடுக்குறது, அதுல உங்க பேங்க் ஸ்க்ரீன்ஷாட்டும் இருக்கும். முதல்ல நாலு படம் போட்டு பாருங்க, போன் ஸ்க்ரீன் வெளிச்சத்துல பார்த்தது பேப்பர்ல கொஞ்சம் மங்கலா வரும், தேவைன்னா பிரைட்னஸ் ஏத்தி மீதியை போடலாம்.

12. கடைசியா தான் துடைக்கணும்

ரெண்டு இடத்துல காப்பி இருக்கு, திறந்தும் பார்த்தாச்சுன்னா இப்ப போன்ல இருக்கிறதை எடுக்கலாம், கார்டை கேமராவுல போட்டு ஃபார்மட் பண்ணலாம். பாஸ்போர்ட், விசா படத்தை கூட வந்தவங்க போன்ல இருந்து எடுக்க சொல்லுங்க. ரோமிங்கை ஆஃப் பண்ணுங்க, கார்டுல வெளிநாட்டு பயன்பாட்டையும் ஆஃப் பண்ணுங்க, ஒரு மாசத்துக்கு காசு கட்டி ஏத்துன க்ளவுட் ஆட்டோ ரினியூவல்ல இருக்கும், இறக்கிட்டு கேன்சல் பண்ணிடுங்க.